இந்தக் கட்டி யார் வீட்டுப் பிள்ளை? நாய்க் கட்டியைப் புரத அடையாளம் வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து ஒரு தம்பி தெர்மாகோல் பெட்டியோடு லேபுக்கு வந்தான். வஞ்சிரமோ சங்கராவோ என்று எட்டிப் பார்த்தேன். உப்புப் போட்டு நொறுக்கிய ஐஸுக்கு நடுவில், பாலிதீன் பையில், கோலிக்குண்டு அளவுக்கு ஒரு சதைத் துண்டு. அவன் வளர்க்கும் மணி என்கிற ஒன்பது வயது நாட்டு நாயின் மேல் ஈறிலிருந்து வெட்டியது.

"ஐஸ்லியே வெச்சித்தான் எடுத்தாந்தேன் அக்கா. கொஞ்சங்கூடக் கெட்டுப் போவல."

மீனுக்கு அவன் செய்தது முழுக்கச் சரி. திசுவுக்கு அதுதான் எமன். உப்பு ஐஸில் உறையும்போது செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாகப் படிகமாகிச் செல்லைக் கிழித்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் வலை மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும், செல் தெரியாது. அவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

புதுச்சேரியில் ஒரு திசு ஆய்வகத்தில் 26 வருடமாக டெக்னீஷியன் நான். தினமும் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று கடந்து வந்து சேர்வேன். எங்களுக்கு வருவதில் பெரும்பகுதி மனிதத் திசு. நாய் வாரத்துக்கு மூன்றோ நான்கோ வரும். அதில் பாதி, கத்தி வைத்த முதல் ஒரு மணி நேரத்திலேயே கெட்டுப்போய் வருகிறது. அதனால் நாய் வளர்ப்பவர்களுக்கும், லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

புரத அடையாளம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பாட்டிகள் தெருவில் புதுக் குழந்தையைப் பார்த்தால் "நீ யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்பார்கள். பெயரைக் கேட்கமாட்டார்கள். புற்றுச் செல்லும் முகம் மாறிப்போன பிள்ளைதான். தோலிலிருந்து வந்ததா, தசையிலிருந்தா, ரத்த வெள்ளணுவா என்று உருவத்தை வைத்துச் சொல்ல முடியாமல் போகும். ஆனால் பிறந்த வீட்டுப் புரதங்கள் சிலதை அது விடாமல் வைத்திருக்கும். தோல், சுரப்பி வகையென்றால் சைட்டோகெரட்டின். இணைப்புத் திசு வகையென்றால் விமென்டின். ரத்த வெள்ளணுவில் ஒரு வகையான டி லிம்போசைட்டுக்கு (டி செல்) சிடி3. அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடியை ஊற்றி, ஒட்டிய இடத்தைப் பழுப்பு நிறமாக்கிப் பார்ப்பதுதான் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி. லேபில் சுருக்கமாக ஐஹெச்சி என்போம்.

இதைக் கேட்பதற்கு முன்னால்

எல்லாக் கட்டிக்கும் ஐஹெச்சி வேண்டாம். இதைச் சொன்னால் என் முதலாளிக்குப் பிடிக்காது, பரவாயில்லை. முதலில் ஊசியால் குத்தி, உறிஞ்சியதை ஸ்லைடில் தேய்த்துப் பார்ப்பது (ஸ்மியர்). நம் தெரு நாய்களிடம் அடிக்கடி பார்க்கும் கட்டி, இனச்சேர்க்கையில் ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு உயிருள்ள செல்லாகவே தொற்றும் டிவிடி, அதாவது டிரான்ஸ்மிசிபிள் வெனீரியல் டியூமர். பிறப்புறுப்பில் காலிஃப்ளவர் மாதிரி, தொட்டால் ரத்தம். அதன் ஸ்மியரில் வட்டமான செல்களின் சைட்டோபிளாசத்தில் முத்துக் கோத்தது போல் வெற்றுக் குமிழிகள் தெரியும். நாய்க்கு 78 குரோமோசோம். இந்தக் கட்டிச் செல்லில் 57 முதல் 64 வரைதான் இருக்கும், ஏனென்றால் அது இந்த நாயின் செல்லே கிடையாது, என்றோ செத்துப்போன ஏதோ ஒரு நாயின் வாரிசு. ஸ்மியரிலேயே டாக்டர் இதைச் சொல்லிவிடுவார். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசியில் பெரும்பாலும் கரைந்தும்விடும். இதற்குப் போய் ஐந்து ஆன்டிபாடிக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஒவ்வாமையில் பங்குகொள்ளும் மாஸ்ட் செல்லில் வரும் கட்டியும் அப்படித்தான். டொலுய்டின் புளூ சாயம் போட்டால் துகள்கள் கத்திரிப்பூ நிறத்தில் நிற்கும், செலவு கொஞ்சம்தான். அதில் தெளிவு கிடைக்காவிட்டால்தான் அடுத்த படி.

"ரத்தத்துல பாத்துச் சொல்ல முடியாதா?" என்று கேட்காதவர் இல்லை. சி-ரியாக்டிவ் புரதம், தைமிடின் கைனேஸ், எல்டிஹெச் எல்லாம் நிணநீர்ப் புற்றில் (லிம்போமா) ஏறும். வேறு நோய்களிலும் ஏறும். கால்சியம் காரணமில்லாமல் ஏறியிருந்தால் டி செல் லிம்போமாவையோ ஆசனவாய்ச் சுரப்பிப் புற்றையோ டாக்டர் சந்தேகிப்பார். அந்தக் கட்டிகள் பாராதைராய்டு ஹார்மோனைப் போன்ற ஒரு புரதத்தைச் சுரப்பதால் வரும் வினை அது. ஆனால் நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலை மறக்கக் கூடாது. எர்லிச்சியா தொற்றினாலும் நிணநீர்க் கணுக்கள் வீங்கும், ரத்தத்தில் குளோபுலின் எகிறும். சில நாய்களில் மைலோமா (பிளாஸ்மா செல் புற்று) என்று ஏமாறும் அளவுக்கு, பரிசோதனை வரைபடத்தில் ஒற்றை முகடாகவே எகிறும். உண்ணியைப் பார்க்காமல் புற்று என்று யாரும் அழ ஆரம்பிக்க வேண்டாம்.

டப்பாவும் பார்மலினும்

கட்டியை வெட்டுவது டாக்டர் வேலை. வெட்டியதும் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு பார்மலினில் போட வேண்டும். கடையில் வாங்கும் பார்மலின் 100 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். பாஸ்பேட் இல்லாமல் வெறும் தண்ணீரில் கலந்தால் நாளாக ஆகப் புளித்து, திசுவில் கறுப்புத் துகள் படியும். அந்தத் துகளை நிறமி என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொண்ட நாட்கள் உண்டு.

திசு ஒரு பங்கு என்றால் பார்மலின் பத்துப் பங்கு. எலுமிச்சை அளவுக் கட்டியை மருந்து பாட்டிலில் திணித்து, மேலே ஒரு மூடி பார்மலின் ஊற்றி அனுப்புகிறார்கள். பார்மலின் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும், போகப் போக இன்னும் மெதுவாக. வெளியே வெந்து, நடுவில் பச்சையாக அழுகி வரும். பெரிய கட்டியைப் பாண்டிச்சேரி பேக்கரி ரொட்டியை வெட்டுவது போல் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டுப் போடுங்கள், ஆனால் அடிப்பக்கம் விடாமல் ஒட்டியிருக்கட்டும். துண்டு துண்டாகப் போனால் எந்தப் பக்கம் ஓரம் என்று எங்களுக்குத் தெரியாது. வாயகன்ற பிளாஸ்டிக் டப்பா எடுங்கள். குறுகிய வாயில் மிருதுவாகப் போன துண்டு, கல்லாகித்தான் வெளியே வரும். ஒரு முறை ஊறுகாய் பாட்டிலைச் சுத்தியலால் உடைத்து எடுத்தேன்.

24 முதல் 48 மணி நேரம் ஊறினால் போதும். பொங்கல் லீவு என்று வாரக்கணக்கில் அலமாரியில் விட்டால் பார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டே போகும். சில ஆன்டிபாடிக்கு அப்புறம் ஒட்ட இடம் கிடைக்காது.

படிவத்தில் நாயின் பெயரைவிட முக்கியமானவை: வயது, ஆணா பெண்ணா, கருத்தடை ஆனதா, எந்த இடத்தில் கட்டி, எத்தனை நாளாக, எவ்வளவு வேகமாக வளர்ந்தது. ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் கட்டாயம் எழுதுங்கள். பிரட்னிசோலோன் லிம்போமாவைத் தற்காலிகமாகக் கரைத்துவிடும். வெட்டிய துண்டில் ஒன்றும் இருக்காது, நாய்க்கு நோய் இருக்கும்.

குக்கர்

இனி லேப் பிள்ளைகளுக்கு. திசுவை மெழுகில் புதைத்த பாரஃபின் பிளாக்கிலிருந்து 3 அல்லது 4 மைக்ரான் கனத்தில் சீவல், பாசிட்டிவ் சார்ஜ் ஸ்லைடில். சாதா ஸ்லைடில் ஒட்டினால் குக்கரில் சீவல் மிதந்து போய்விடும். ஸைலீனில் மெழுகைக் கழற்றி, ஆல்கஹால் வழியாகத் தண்ணீருக்கு வந்ததும் ஆன்டிஜென் மீட்பு. பார்மலின் பூட்டிய பூட்டை வெப்பத்தால் திறப்பது. 1991இல் இந்த உத்தி வந்த பிறகுதான் பாரஃபின் திசுவில் ஐஹெச்சி நிஜமாகவே பிடித்து நடக்க ஆரம்பித்தது.

அதற்கான பஃபர் கரைசல் பிஹெச் 6 சிட்ரேட் அல்லது பிஹெச் 9 டிரிஸ்-இடிடிஏ. எந்த ஆன்டிபாடிக்கு எது என்று அதன் தாளில் இருக்கும், ஆனால் அது மனிதத் திசுவுக்குச் சொன்னது. நாய்க்கு இரண்டிலும் போட்டுப் பாருங்கள். எங்களிடம் இருப்பது 5 லிட்டர் எவர்சில்வர் குக்கர். புதிதாக வந்த பெண் முதல் நாள் "எத்தனை விசில் மேடம்?" என்றாள். சிரித்தாலும், கேள்வி சரியானதுதான். விசிலை எண்ணாதீர்கள். பஃபர் கொதித்ததும் ஸ்லைடை இறக்கி, மூடி, முழு அழுத்தம் வந்த பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். எங்கள் கணக்கு 3 நிமிடம். பிறகு பஃபரிலேயே 20 நிமிடம் ஆறட்டும். சூட்டோடு வெளியே எடுத்தால் சீவல் காய்ந்து சுருண்டுவிடும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதம், 10 நிமிடம். ரத்தச் சிவப்பணுவில் இயல்பாகவே இருக்கும் பெராக்சிடேஸ் போன்ற தன்மையை இது அடக்கும். ரத்தக் கசிவுள்ள கட்டியில் இதை விட்டால் ஸ்லைடு முழுக்கப் பழுப்புத்தான். அடுத்து, ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கும் புரதக் கரைசல் (புரத பிளாக்), அப்புறம் முதல் ஆன்டிபாடி ஒரு மணி நேரம். மே மாதம் ஏசி நின்ற நாளில் ஆன்டிபாடி ஸ்லைடு ஓரத்தில் காய்ந்து, அங்கே மட்டும் அழகாகப் பழுப்பு ஏறும். அது பொய். நான் ஈரத் துணி விரித்த எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அடுக்கி மூடி வைப்பேன். பிறகு, முதல் ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும் நொதியான ஹெச்ஆர்பி பாலிமர், பிறகு அந்த நொதி பட்டதும் பழுப்பாகும் நிறமூட்டியான டாப். டாப் ஊற்றியதும் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருங்கள், கன்ட்ரோல் ஸ்லைடில் (அந்தப் புரதம் இருப்பது முன்பே தெரிந்த திசு) நிறம் நின்றதும் கழுவுங்கள். டாப் புற்றுநோய் உண்டாக்கும் சந்தேகமுள்ள பொருள், கையுறை போடுங்கள், சிங்க்கில் கொட்டாதீர்கள். கடைசியில் ஹீமட்டாக்சிலின் நீலம்.

நான் சறுக்கிய இடம்

இதைத்தான் ஆற அமரச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு லாப்ரடாரின் கணு வந்தது. நாயின் லிம்போமாவில் பி செல்லா டி செல்லா என்று பார்ப்பது முக்கியம். டி செல் வகை பொதுவாக மருந்துக்கு மோசமாக மசியும். டி செல்லுக்கு சிடி3, பி செல்லுக்கு சிடி20, இரண்டும் போட்டேன். இரண்டும் வெள்ளை. கன்ட்ரோல் ஸ்லைடு பளிச்சென்று பழுப்பு. ஆகவே சாயத்தில் குறையில்லை, இந்தக் கட்டி பி-யும் இல்லை, டி-யும் இல்லை என்று குறித்துவைத்து டாக்டரம்மாவிடம் கொடுத்தேன்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "கன்ட்ரோல் எந்த நாயோடது?"

"டான்சில் டாக்டர். மனுஷனோடது."

அவர் திட்டவில்லை. பழைய அலமாரியிலிருந்து ஆரோக்கியமான ஒரு நாய்க் கணுவின் பிளாக்கை எடுத்து அதே சிடி20 போடச் சொன்னார். கணுவில் ஃபாலிக்கிள் முழுக்க பி செல் குவிந்திருக்கும். அதுவும் வெள்ளை. நான் ஊற்றிய ஆன்டிபாடி, எல்26 என்கிற குளோன் (ஒரே செல் வம்சத்தில் தயாராகி ஒரே இடத்தில் மட்டும் ஒட்டும் வகை), மனிதனின் சிடி20ஐத்தான் அடையாளம் காணும். நாயின் சிடி20 அதற்கு அந்நியம். முயலில் தயாரித்த, பல இடங்களில் ஒட்டும் பாலிகுளோனல் ஆன்டிபாடியைப் போட்டதும் ஃபாலிக்கிளும் பழுப்பானது, லாப்ரடாரின் கட்டியும் பழுப்பானது. பி செல்.

அன்றிலிருந்து எனக்கு மூன்று சட்டம். கன்ட்ரோல் நாயுடையதாகவே இருக்க வேண்டும்: சிடி3க்கும் சிடி20க்கும் நாய்க் கணு, சைட்டோகெரட்டினுக்கு நாய்த் தோல். ஆன்டிபாடி வாங்கும்போது எந்தப் புரதத்துக்கு என்பதோடு எந்தக் குளோன் என்றும் கேட்க வேண்டும். மனிதனுக்காகச் செய்ததிலேயே நாய்க்கும் ஒட்டுபவை உண்டு: பி செல்லின் சிடி79ஏ-க்கு ஹெச்எம்57, சைட்டோகெரட்டினுக்கு ஏஇ1/ஏஇ3, நிறமிச் செல்லின் மெலன்-ஏ-க்கு ஏ103, பெருகும் செல்லைக் காட்டும் கேஐ-67க்கு எம்ஐபி-1. மூன்றாவது, முதல் ஆன்டிபாடி ஊற்றாத ஒரு ஸ்லைடு எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எதை எதோடு சேர்த்துப் போடுவது

ஒரு ஆன்டிபாடி மட்டும் போட்டுப் பெயர் வைப்பவரிடம் ரிப்போர்ட் வாங்காதீர்கள். அடையாளமே தெரியாத கட்டிக்கு நாங்கள் முதலில் சைட்டோகெரட்டின், விமென்டின். விமென்டின் ஊர் முழுக்க உறவு உள்ள ஆள், அது பாசிட்டிவ் என்பதால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் ரத்தக் குழாய்ச் சுவரில்கூட விமென்டின் ஏறவில்லை என்றால் திசுவே கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்காகவே போடுவேன்.

வட்டச் செல் கட்டியென்றால் டி செல்லுக்கு சிடி3, பி செல்லுக்கு சிடி20 அல்லது பேக்ஸ்5, மாஸ்ட் செல்லுக்கு கிட், பிளாஸ்மா செல்லுக்கு எம்யுஎம்1, ஹிஸ்டியோசைட் வகைக்கு ஐபா1. இளம் நாய்களின் தோலில் சட்டென்று முளைத்துத் தானாகவே வற்றிவிடும் ஹிஸ்டியோசைட்டோமாவில் இ-கேடெரினும் ஏறும். தசைக்கு டெஸ்மின், ரத்தக் குழாய்ப் புற்றுக்கு சிடி31, தைராய்டுக்கு தைரோகுளோபுலின்.

நிறம் ஏறியிருக்கிறதா என்பதோடு எங்கே ஏறியிருக்கிறது என்றும் பாருங்கள். சிடி20 செல்லின் விளிம்பில் வளையமாக நிற்க வேண்டும். பேக்ஸ்5, கேஐ-67 இரண்டும் செல்லின் உட்கருவில். கேஐ-67 சைட்டோபிளாசத்தில் மங்கலாகப் பரவியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கிட் விஷயத்தில் இடமே செய்தி: விளிம்பில் மட்டும் நின்றால் அது இயல்பு வகை. சைட்டோபிளாசத்துக்குள் புள்ளியாகக் குவிந்தாலோ, முழுக்கப் பரவினாலோ அந்த மாஸ்ட் செல் கட்டி திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். செத்த திசுவும் கிழிந்த ஓரமும் எதை ஊற்றினாலும் குடிக்கும், அங்கே படிக்காதீர்கள்.

மடிக் கட்டிக்கு மட்டும் ஒரு வார்த்தை. பெண்களுக்குச் செய்வது போல் ஹெர்2 போட்டு அதை வைத்து மருந்து முடிவு செய்யும் வழக்கம் நாய்க்கு வரவில்லை. அங்கே சாதாரண ஹீமட்டாக்சிலின்-இயோசின் ஸ்லைடும் ஓரங்களும்தான் பேசும்.

மணிக்கு என்ன ஆனது

ஐஸில் வந்த துண்டை முயன்று பார்த்தேன், பயனில்லை. ஈறில் மிச்சம் இருந்த கட்டியிலிருந்து இன்னொரு துண்டு எடுக்க வேண்டும் என்றதும் தம்பி முகம் வாடிவிட்டது. இரண்டாவது முறை நானே ஒரு டப்பாவில் பார்மலின் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன். "இதுல ஐஸ் போடாத தம்பி, அப்பிடியே எடுத்தா." அப்படியே எடுத்துவந்தான்.

ஸ்லைடில் பாதி வட்டம், பாதி கதிர் வடிவச் செல்கள். கறுப்பு நிறமி ஒரு பொட்டுகூட இல்லை. சைட்டோகெரட்டின் வெள்ளை, சிடி3 வெள்ளை, சிடி20 வெள்ளை, விமென்டின் பழுப்பு. ஈறு என்பதால் மெலனோமாவுக்கான (நிறமிச் செல் புற்று) மெலன்-ஏ, பிஎன்எல்2 இரண்டையும் சேர்த்திருந்தேன். மெலன்-ஏ திட்டுத் திட்டாக, பிஎன்எல்2 நன்றாகவே. நிறமியில்லாத மெலனோமா. நாயின் வாயில் மெலனோமா கணுவுக்கும் நுரையீரலுக்கும் ஓடும் சாதி. (நிறமியுள்ள மெலனோமா வந்தால் டாப் போடாதீர்கள். பழுப்பில் பழுப்பைத் தேட முடியாது, சிவப்பு நிறமூட்டி போடுங்கள்.)

மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. தாடைக்குக் கீழ்க் கணுவில் ஊசி குத்திப் பார்த்ததிலும் ஒன்றும் இல்லை. மேல் தாடையில் எலும்போடு சேர்த்து எடுத்தார்கள். பத்தாம் நாள் தையல் பிரித்த கையோடு தம்பி ரிப்போர்ட் வாங்க வந்தான். கட்டி போச்சா என்று மறுபடி மறுபடி கேட்டான். ஓரத்தில் செல் இல்லை என்று எழுதியிருந்ததைக் காட்டினேன், ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருப்பதையும் காட்டினேன்.

ரிப்போர்ட் வாங்கும்போது எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு: பிளாக் எண். அந்த மெழுகுக் கட்டி வருடக்கணக்கில் கெடாது. நாளைக்கு வேறு டாக்டர் வேறு ஆன்டிபாடி கேட்டால் நாயை மறுபடி வெட்ட வேண்டியதில்லை, அதே பிளாக்கிலிருந்து சீவிக்கொள்ளலாம். எண்ணை எங்காவது குறித்துக்கொள் என்றேன். தம்பி என் மேசையிலிருந்த மார்க்கரை எடுத்து, தெர்மாகோல் பெட்டி மூடியில் படகு நம்பருக்குக் கீழே எழுதிக்கொண்டான்.